சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை

சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை என்பது தீயணைப்பு, மீட்பு, அவசர மருத்துவ வாகனச் சேவை ஆகிய மூன்றையும் ஒரே தலைமையின்கீழ் நடத்தும் தேசிய அமைப்பு. உள்துறை அமைச்சின்கீழ் இயங்குகிறது. தீ விபத்தானாலும் மாரடைப்பானாலும் பொதுமக்கள் அழைக்க வேண்டிய எண் 995.

வரலாறு

சிங்கப்பூரில் முறையான தீயணைப்புப் படை 1888இல் அமைந்தது. குடிமைத் தற்காப்புப் படை அதற்கு நெடுங்காலம் கழித்து, 1986ஆம் ஆண்டின் சட்டத்தால் தனி அமைப்பானது. அதே ஆண்டு மார்ச் 15 அன்று, சிராங்கூன் சாலையில் ‘ஹோட்டல் நியூ வோர்ல்டு’ இருந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து 33 பேர் உயிரிழந்தனர். இடிபாடுகளிலிருந்து 17 பேர் மீட்கப்பட்டனர். பெரும் விபத்தில் பல அமைப்புகள் ஒரே கட்டளைக்குள் செயல்பட வேண்டியதன் தேவையை அந்தத் துயரம் உணர்த்தியது. 1989 ஏப்ரல் 15 அன்று தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் இணைக்கப்பட்டன.

அமைப்பு

படைக்கு ஆணையர் தலைமை தாங்குகிறார். நிலப்பகுதி நான்கு வட்டாரப் பிரிவுகளாக வகுக்கப்பட்டுள்ளது. துறைமுகத்தையும் சுற்றுக்கடலையும் கடல் பிரிவு கவனிக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்தின்கீழும் தீயணைப்பு நிலையங்கள் செயல்படுகின்றன. 995 அழைப்புகளை மைய நடவடிக்கை நிலையம் ஏற்று, தேவைப்படும் வாகனங்களை அனுப்புகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் குறுகிய பாதைகளிலும் நுழைவதற்கென ‘ரெட் ரைனோ’ எனும் சிறிய தீயணைப்பு வண்டி வடிவமைக்கப்பட்டது.

கட்டடங்களின் தீப்பாதுகாப்பு விதிகளை நடைமுறைப்படுத்துவதும் இப்படையின் பொறுப்பே. தீயை அணைப்பவர்களே தீ மூளாமல் தடுக்கும் விதிகளையும் கண்காணிப்பது இந்த அமைப்பின் பெரும் பலம்.

ஆள்பலம்

நிரந்தர அதிகாரிகளுடன் முழுநேரத் தேசிய சேவையாளர்களும் நிலையங்களில் பணியாற்றுகின்றனர். சேவைக்காலம் முடிந்தபின்பும் அவர்கள் தயார்நிலைப் படையினராகப் பயிற்சிக்கு அழைக்கப்படுவர். தீயணைப்பாளர்களுக்குக் குடிமைத் தற்காப்புக் கழகம் பயிற்சியளிக்கிறது.

பேரிடர் மீட்பு

இடிபாடு, உயரமான இடம், நீர்நிலை போன்ற கடினச் சூழல்களில் மீட்புப்பணி செய்ய ‘டார்ட்’ எனும் சிறப்புக் குழு உள்ளது. வெளிநாட்டுப் பேரிடர்களுக்கு ‘ஆப்பரேஷன் லயன்ஹார்ட்’ அணி செல்கிறது. 1990இல் பிலிப்பீன்ஸ் நிலநடுக்கத்திலும் 2015இல் நேப்பாள நிலநடுக்கத்திலும் அது பணியாற்றியது.

பொதுமக்கள் பங்கு

2015இல் அறிமுகமான ‘மைரெஸ்பாண்டர்’ செயலி, ஒருவருக்கு இதயத்துடிப்பு நின்றுவிட்டதாகக் கருதப்படும்போது அருகிலுள்ள தன்னார்வலர்களுக்குத் தகவல் அனுப்புகிறது. மருத்துவ வாகனம் வந்துசேரும் முன்பே அவர்கள் நெஞ்சழுத்த முதலுதவியைத் தொடங்கலாம். ஒவ்வொரு நிமிடத் தாமதமும் உயிர்பிழைக்கும் வாய்ப்பைக் குறைப்பதால், பயிற்சி பெற்ற அண்டைவீட்டாரும் இந்தச் சேவையின் இன்றியமையாத அங்கமாகின்றனர்.