கட்டுமானப் பணிக் கணக்குகள் பொதுவெளிக்கு வந்த வரலாறு

கோவில்பட்டி வட்டார இடைசெவல் போன்ற கரிசல் ஊர்களில் ஊருணிக் கரைக்கோ சாலைக்கோ ஆன செலவு நெடுங்காலம் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது. வேலையின் நீளம், அகலம், ஆழம் 'எம் புக்' எனப்படும் அளவுப் புத்தகத்தில் பதிவாகும். அதன்படியே பணம் வழங்கப்படும். மண் சுமந்தவர்கள் அதைப் பார்த்ததில்லை.

1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட்கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் அமைப்பு வேலைப் பதிவேடுகளை ஊரார் முன் உரக்க வாசித்தது. வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது வெளிப்பட்டது. 1997இல் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடு. ஆனால் விலக்குகள் மிகுந்த சட்டம் அது. 2005 அக்டோபர் 12இல் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டம் வலுவானது. அதன் 2(ஜே) உட்பிரிவில் பலரும் கவனிக்காதது, வேலையை நேரில் ஆய்வு செய்யவும் சிமெண்டு, மணல் போன்ற பொருள்களின் மாதிரி எடுக்கவும் அது தரும் உரிமைதான்.

2012இல் தொடங்கிய அரசின் திறந்த தரவுத் தளம் ஏ.பி.ஐ. வசதியைத் தந்தது. பதிவு செய்து திறவுகோல் பெற்றவர், மனுப் போடாமல், நிரல் வழியாகவே அட்டவணைகளைப் பெறலாம். 2020 ஏப்ரல் 24இல் வந்த இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சிகளின் திட்டமும் செலவும் உள்ளன. எனினும் தட்டச்சு செய்த தொகையைத்தான் தளம் காட்டும். ஊருணியை எத்தனை அடி தோண்டினார்கள் என்று அறிய, எம் புக் நகலுடன் நாடாவும் வேண்டும்.