சுடாத பீரங்கிகளின் குன்று

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், வாஷிங்டன் மாநிலத்தில், போர்ட் டவுன்சென்ட் என்ற சின்ன ஊரை ஒட்டிக் கடலுக்குள் மூக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது ஃபோர்ட் வோர்டன் மாநிலப் பூங்கா. அங்குள்ள ஆர்ட்டிலரி ஹில் குன்றில் நடைபாதை ஏறஏற, ஃபிர் மரங்கள் வெயிலை மறைத்துவிடும். காலடியில் ஈரச் சருகு. வளைவு திரும்பினால், மரங்களுக்கு நடுவே பாசி படிந்த காங்கிரீட் சுவர். வெடிமருந்து அடுக்கியிருந்த அறைகளுக்குள் டார்ச் இல்லாமல் கால் வைக்க முடியாது. மேலே பீரங்கி மேடைகள் இருக்கின்றன; பீரங்கிகள் இல்லை.

இங்கே எதற்குக் கோட்டை? கடல் நிலத்துக்குள் புகும் உட்பகுதியில், பிரெமர்டனில், 1891-ல் கடற்படைத் தளம் அமைந்தது. எதிரியின் பெரிய கப்பல்கள் அதை எட்ட வேண்டுமானால் அட்மிரால்டி நீரிணை வழியாகத்தான் நுழைய வேண்டும். அந்த வாசலை வளைத்து வோர்டன், கேசி, ஃப்ளாக்லர் என்று மூன்று கோட்டைகள் எழும்பின. ‘நெருப்பு முக்கோணம்’ என்றே அதற்குப் பெயர். வோர்டனில் வேலை தொடங்கியது 1898-ல்.

இங்கிருந்த மறையும் பீரங்கிகளின் நுட்பத்தைச் சொல்லியாக வேண்டும். துலாவின் மறுமுனையில் கட்டிய கல்லைப் போல, பீரங்கிக்கும் ஓர் எடை உண்டு. எடை இறங்கினால் பீரங்கி சுவருக்கு மேலே தலைதூக்கும். சுட்டதும், பின்னுதைப்பின் வேகத்திலேயே சுவருக்குப் பின்னால் அமிழ்ந்துவிடும்; எடை மறுபடி மேலேறி அடுத்த முறைக்குத் தயாராக நிற்கும். வீரர்கள் சுவர் மறைவில் நின்றே குண்டு நிரப்புவார்கள். கடலில் வருகிறவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் வானத்திலிருந்து பார்த்தால் எல்லாமே தெரியும். விமானம் வந்த பிறகு இந்த நுட்பத்துக்கு மதிப்பில்லாமல் போனது. முதல் உலகப் போரின்போது பல பீரங்கிகளைக் கழற்றி ஐரோப்பியப் போர்முனைக்கென்று எடுத்துப்போனார்கள்.

எதிரியை நோக்கி இங்கிருந்து ஒரு குண்டுகூடப் பாயவில்லை. அதனாலேயே இதை ஒற்றை வரியில் கடந்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வராத கப்பலுக்காகத் தூரம் அளந்து, கணக்குப் போட்டு, பயிற்சி செய்து, இந்தக் குன்றில் தலைமுறை தலைமுறையாகப் படைவீரர்கள் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்பும் போர் வரலாறுதான்.

1953-ல் ராணுவம் கோட்டையை மூடியது. 1973-ல் அது பூங்காவானது.

குன்றில் மண்ணுக்கடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. 20 லட்சம் காலன் கொள்ளும். காலியாகிக் கிடந்த அந்தத் தொட்டிக்குள் 1988-ல் இசைக்கலைஞர் பாலின் ஒலிவெரோஸ் அக்கார்டியனோடு இறங்கினார். கூடவே டிராம்போனோடு ஸ்டூவர்ட் டெம்ப்ஸ்டரும், பாடுவதற்குப் பனயோட்டிஸும். ‘டீப் லிசனிங்’ என்ற இசைத்தட்டு அங்கே பதிவானதுதான். உள்ளே ஒரு சுரத்தை வாசித்து நிறுத்தினால், அது தூண்களைச் சுற்றிச் சுற்றி வந்து அடங்க 45 விநாடி ஆகிறது. அதுவரை, தான் முன்பு வாசித்ததோடு சேர்ந்தேதான் ஒருவர் வாசித்தாக வேண்டும்.