வாடகையும் வாழ்வும்: ஜார்ஜ்டவுன் கற்பிக்கும் பாடம்

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது தமிழர் பழமொழி. ஆனால், பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரில் குடியேறிய தமிழருள் பெரும்பாலோர்க்குக் கிட்டியது வாடகை வளையே. 1786இல் பிரான்சிஸ் லைட் இந்நகருக்கு அடிகோலியபின் வணிகராகவும் துறைமுகத் தொழிலாளராகவும் தமிழர் வந்தனர். 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் குயின் தெருவில் எழுந்த மகா மாரியம்மன் கோயிலும் அவர்தம் குடியிருப்புக்குச் சான்று பகர்கின்றன. மக்கள் வாழுமிடத்திலன்றோ வழிபாட்டிடம் எழும்?

அக்குடியிருப்பு எத்தகையது? பினாங்குத் தெருவில் நகரத்தாரின் கிட்டங்கிகள் இருந்தன. பகலில் பெட்டியும் கணக்கேடும் விரிந்த கூடமே இரவில் படுக்கையறை ஆயிற்று. ஏனையோர்க்குக் கடைவீடுகளே புகலிடம். முன்னே அஞ்சடி, கீழே கடை, மேலே பலகையால் தடுக்கப்பட்ட சிற்றறைகள். ஓரறைக்கு ஒரு குடும்பம். வசதி குறைவாயினும், வேலைக்கு நடந்தே சென்று மீளலாம். கோயிலும் சந்தையும் கூப்பிடு தொலைவில் இருந்தன.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் வீட்டுப் பஞ்சம் தலைதூக்கியது. வாடகை உயர்வையும் வெளியேற்றத்தையும் தடுக்க ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிய கட்டுப்பாடு, விடுதலைக்குப்பின் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமாக நிலைபெற்றது. 1948 ஜனவரி 31ஆம் நாளுக்குமுன் கட்டப்பட்ட கட்டடங்கள் அதன் வரம்புக்குள் அடங்கின. பழமையான ஜார்ஜ்டவுனின் கடைவீடுகள் ஆயிரக்கணக்கில் இப்பாதுகாப்பைப் பெற்றன.

இச்சட்டம் இருமுனைக் கத்தி எனலாம். எளியோர் நகரின் நடுவே வாழ இதுவே வழிசெய்தது; பழங்கட்டடங்களை இடித்து மாளிகை எழுப்ப விரும்பியோர்க்கு முட்டுக்கட்டையாயும் நின்றது. எனினும், கூரை ஓட்டை மாற்றவும் போதாத வாடகையைப் பெற்ற உரிமையாளர் பழுதுபார்ப்பதைக் கைவிட்டனர். தலைமைக் குடியிருப்பாளர் சிலர், குறைந்த வாடகைக்கு எடுத்த வீட்டை அறை அறையாக உள்வாடகைக்கு விட்டு ஊதியம் கண்டனர். சட்டத்தின் நிழல் எல்லா ஏழையர்மீதும் ஒரே அளவில் படியவில்லை.

1997 செப்டம்பர் 1ஆம் நாள் சட்டம் நீக்கப்பட்டது. இருபத்தெட்டு மாத இடைக்காலம் அளிக்கப்பட்டு, 1999 டிசம்பர் 31ஆம் நாளுடன் அதுவும் முடிவுற்றது. வாடகைகள் பன்மடங்கு உயர்ந்தன. தலைமுறைகளாக வாழ்ந்தோர் தீவின் பிற பகுதிகளுக்கும் கடலுக்கு அப்பாலுள்ள செபராங் பிறைக்கும் பெயர்ந்தனர். மனிதர் நீங்கிய வீடுகள் சிலவற்றில், விலைமிக்க கூடுகளுக்காகக் குருவிகள் குடியமர்த்தப்பட்டன! பின்னரே அவை மரபுடைமைப் பகுதியிலிருந்து அகற்றப்பட்டன.

2008 ஜூலையில் ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றன. பல இனப் பண்பாடு அங்கு உயிருடன் விளங்குவதும் அப்பெருமைக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்தோ, அவ்வுயிர்ப்புக்கு உரியோருள் பலர் அதற்கு முன்னரே ஊர் நீங்கியிருந்தனர்! சுவர்கள் வண்ணம் பெற்றன. விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. விழாக்காலத்தில் மட்டும் பழைய குடிகள் திரும்பி வந்து கோயிலை நிறைக்கும் நிலை உருவாயிற்று.

சிங்கப்பூரின் பட்டறிவு ஈண்டு ஒப்புநோக்கத் தக்கது. 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் மக்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அடுக்குமாடி வீடு அமைத்த பின்னரே, 2001இல் அங்கு வாடகைக் கட்டுப்பாடு நீங்கியது. மாற்று வீடு முதலில், சட்ட நீக்கம் பின்னர் என்னும் அவ்வரிசைமுறை ஜார்ஜ்டவுனில் போதிய அளவு பேணப்படவில்லை.

வாடகைச் சட்டம் என்றென்றும் நீடித்திருக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். உரிமையாளர்க்கு நியாயமான வருவாயும், குடியிருப்போர்க்குத் தாங்கத்தக்க வாடகையும் ஒருங்கே அமைந்தால்தான் நகரம் நகரமாய் நிலைக்கும். சுண்ணமும் செங்கல்லும் காக்கப்படுவது நன்றே. அவற்றினுள் அடுப்பெரிக்கும் குடும்பத்திற்கும் அங்கே இடம் கிடைப்பது அதனினும் நன்று.