பெயர்ந்த பெயர்

'பெயர்' என்பது தமிழில் நம்மை அழைக்கும் சொல். அதே 'பெயர்' வினையானால், இருந்த இடம் விட்டு நகர்வது. நாற்றைப் பெயர்த்து நடுவது அதனால்தான். ஜுபேயா என்ற மரத்தை நினைக்கும்போது இரண்டு பொருளும் எனக்குச் சேர்ந்தே வருகின்றன.

லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் கண்ணாடி மாளிகையில் ஒரு ஜுபேயா நின்றது. சிலி நாட்டு விதை; முளைத்தது 1846இல். கூரைக்குக் கீழே வளரும் செடிகளில் உலகிலேயே உயரமானது என்று அதைக் காட்டினார்கள். ஜுபேயா பனைக் குடும்பத்து மரம்; அக்குடும்பத்துக்கு ஆணிவேர் கிடையாது. அதனால் வளர்ந்த மரத்தையும் வேர்மண்ணோடு தோண்டி, குருத்து முறியாமல் ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, கிரேனில் தூக்கிப் போய் நட முடியும். ஆனால் இந்த மரம் பெயர்க்க முடியாத அளவுக்குப் பருத்துவிட்டது. 2013இல் தொடங்கிய பழுதுபார்ப்புக்காக அதை வெட்டினார்கள். 160 ஆண்டுகளுக்கு மேல் ஊட்டி வளர்த்த மரம். இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

லத்தீனில் 'ஜுபா' என்றால் பிடரிமயிர். உச்சியில் சிலிர்த்து நிற்கும் ஓலைகளைப் பார்த்தால் ஜுபேயாவின் பெயர்க்காரணம் கிடைத்துவிட்டது என்றே தோன்றும். ஒலி ஒப்புமையை மட்டும் நம்புகிறவர் சறுக்கும் இடம் இது. 1816இல் இப்பெயரை இட்ட ஜெர்மன் தாவரவியலாளர் குந்த் நினைத்தது ஓர் அரசனை: இரண்டாம் ஜுபா.

வட ஆப்பிரிக்காவின் நுமிடிய நாட்டு இளவரசன் அவன். கி.மு. 46இல் தந்தை சீசரின் படையிடம் தோற்று இறந்தார். கைக்குழந்தையான மகனை ரோமின் வெற்றி ஊர்வலத்தில் காட்டிக்கொண்டு போனார்கள். அந்தக் குழந்தை ரோமிலேயே வளர்ந்து, கிரேக்கத்தில் நூல்கள் எழுதும் அறிஞன் ஆனது. அகஸ்டஸ் அவனை மவுரித்தானியாவுக்கு அரசனாக்கினார். கிளியோபாத்ராவின் மகள் செலீனி அவன் மனைவி. ஒரு மூலிகைக்குத் தன் மருத்துவர் யூபோர்பஸின் பெயரை வைத்தவனும் அவனே. நம் வேலியோரத்துத் திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும் இன்று யூபோர்பியா என்ற அந்தப் பெயருக்குள்தான் அடங்குகின்றன. செடிக்கு மனிதன் பெயரை இட்டவனின் பெயர், அவன் கேள்விப்பட்டிராத கண்டத்து மரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அறிவியல் பெயரின் பின்பாதி 'சிலென்சிஸ்', சிலியைச் சேர்ந்தது. அது சிலியில் பிறந்த இயற்கையியலாளர் மொலினா 1782இல் இட்டது. லண்டனில் நின்றாலும் மரம் தன் ஊர்ப்பெயரைச் சுமந்தே நின்றது.

ஊர்க்காரர்கள் ஜுபேயா என்று சொல்வதில்லை. 'பால்மா சிலேனா', சிலிப்பனை என்பார்கள். சாற்றைக் காய்ச்சித் தேன்போல் பாகு எடுப்பதால் தேன்பனை என்றும் ஒரு பெயர். நம்மூரில் பாளையைச் சீவிப் பதநீர் இறக்குவோம், மரம் நிற்கும். அங்கே மரத்தையே சாய்த்து, நுனியைச் சீவிச் சீவி மாதக்கணக்கில் சாறு வடித்தார்கள். 1834இல் அங்கே போன டார்வின் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அதன் காய்க்கு அவர்கள் சொல்லும் பெயர் 'கொக்கிட்டோ', குட்டித் தேங்காய். பொருத்தமான பெயர், இம்மரம் பனையைவிடத் தென்னைக்கே நெருங்கிய உறவு. கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய கொட்டை, அதன் ஓட்டிலும் மூன்று கண். கியூவின் மரம் கடல் தாண்டியபோது அந்த அளவில்தான் இருந்தது.