மாண்டிசெல்லோ: கண்ணில் படாமல் உழைக்க ஒரு மாளிகை

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஒரு குன்றின் மேல் நிற்கிறது மாண்டிசெல்லோ. மனிதர் எல்லோரும் சமம் என்று 1776இல் விடுதலைப் பிரகடனம் எழுதிய தாமஸ் ஜெஃபர்சனின் தோட்ட மாளிகை அது. 1769இல் கட்டத் தொடங்கி, 1796க்குப் பிறகு பெரிதாக மாற்றி, குவிமாடம் வைத்து, 1809 வாக்கில் முடித்தார். 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது.

வரைபடம் ஜெஃபர்சனுடையது. உழைப்பு? கூலிக்கு வந்த வெள்ளையர்களோடு அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பர்களும் கட்டினார்கள். நுணுக்கமான மரவேலைகள் பலவற்றைச் செய்தவர் ஜான் ஹெமிங்ஸ் என்ற அடிமைத் தச்சர். தன் வாழ்நாளில் ஜெஃபர்சன் 600 பேருக்கு மேல் அடிமையாக வைத்திருந்தார்.

தோழர்களே, இந்த வீட்டின் அமைப்பைக் கவனியுங்கள். சமையலறையும் வேலையாட்களின் அறைகளும் மொட்டைமாடி போன்ற நடைமேடைகளுக்கு அடியில், குன்றின் சரிவுக்குள் இருக்கின்றன. உணவு நிலவறை வழியாக வரும். தட்டுகள் பொருத்திய சுழல் கதவு அதைச் சாப்பாட்டு அறைக்குள் திருப்பிவிடும். கணப்படுப்பின் பக்கவாட்டில் ஒளித்த சிறு தூக்கியில் ஒயின் மேலே ஏறும். சமைத்தவரும் சுமந்தவரும் பெரும்பாலும் விருந்தினர் கண்ணில் படமாட்டார்கள். சற்றுத் தள்ளி மல்பெரி ரோ என்ற பாதையோரம் அடிமைகளின் குடிசைகளும் பட்டறைகளும் இருந்தன. 1794இல் தொடங்கிய ஆணிப் பட்டறையில் 10 முதல் 16 வயதுச் சிறுவர்கள் ஆணி அடித்தார்கள்.

அடிமைமுறையும் சாதியும் ஒன்றல்ல. ஆனாலும் இந்தக் கட்டடக்கலை நமக்குப் புதிதில்லை. எடுப்புக் கக்கூஸ் இருந்த நம் ஊர்த் தெருக்களை நினைத்துப் பாருங்கள்: முன்வாசலில் கோலம், கழிவை அள்ளுகிறவர் வந்துபோகக் கொல்லைப்புறச் சந்து. உழைப்பு வேண்டும், உழைப்பவர் முகம் வேண்டாம். 1873இல் ஜோதிராவ் புலே தன் ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கியது இந்த உறவை உணர்ந்துதான்.

1826இல் ஜெஃபர்சன் கடனோடு இறந்தார். 1827 ஜனவரியில் 130 பேர் மாண்டிசெல்லோவிலேயே ஏலத்துக்கு நிறுத்தப்பட்டார்கள். குடும்பங்கள் சிதறின. அவர்களுடைய சந்ததியினரின் வாய்மொழி வரலாறு 1993 முதல் பதிவாகிவருகிறது. இன்று மல்பெரி ரோவின் கதையும் அங்கே சொல்லப்படுகிறது.

நம் ஊரிலும் அரண்மனை, பங்களா, செட்டிநாட்டு வீடு என்று சுற்றிப் பார்க்கப் போவீர்கள். தூணை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். பின்வாசல் எங்கே, அதன் வழியே வந்தது யார் என்று கேளுங்கள். அந்தத் தெருப் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள்.