வாக்குத் தொகையும் ஆசனத் தொகையும்: இலங்கையும் திகாமடுல்லவும்

நாட்டில் கூடுதல் வாக்குப் பெற்ற கட்சி ஆட்சி அமைக்கும் என்று இலங்கையின் எந்தத் தேர்தல் சட்டமும் சொன்னதில்லை. பாராளுமன்றத்தில் பெரும்பான்மை உறுப்பினரின் நம்பிக்கையைப் பெற்றவரே அரசாங்கம் அமைப்பார். வாக்கு ஆசனமாக மாறும் வழியில் எல்லை நிர்ணயம், கூட்டு, வெட்டுப்புள்ளி, மீதிக் கணக்கு என்று பல கண்ணிகள் உண்டு. இந்தக் கணக்கைத் தீவிலேயே நுணுக்கமாக அறிந்தவர்கள் கல்முனை முதல் பொத்துவில் வரையிலான கரையோரத்து வாக்காளர்கள் என்று சொன்னால் மிகையில்லை. அக்கரைப்பற்றில் வாக்கு எண்ணும் இரவில் தேநீர்க் கடை மேசையில் பேனாவால் போட்ட கூட்டல் கழித்தல், வானொலி அறிவிப்பை முந்திவிடும்.

1947 முதல் 1977 வரை தொகுதி முறை இருந்தது. தொகுதியில் முதலாவதாக வந்தவர் பாராளுமன்றம் போனார். மற்றவர்களுக்கு விழுந்த வாக்கு அங்கேயே முடிந்தது. 1956இல் எஸ். டபிள்யு. ஆர். டி. பண்டாரநாயக்கவின் மக்கள் ஐக்கிய முன்னணி சுமார் 40 சதவீத வாக்கோடு 95 தொகுதி ஆசனங்களில் 51ஐப் பிடித்தது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 28 சதவீதத்தை ஒட்டிய வாக்கு இருந்தும் கிடைத்தது 8 மட்டுமே. எல்லை வகுத்த விதமும் கைகொடுத்தது. ஒவ்வொரு 75,000 பேருக்கும் ஓர் ஆசனம், ஒவ்வொரு ஆயிரம் சதுர மைலுக்கும் மேலதிகமாக ஓர் ஆசனம் என்பது விதி. இதனால் மக்கள் ஐதாக வாழும் மாகாணங்கள் பயன்பெற்றன. 1948, 1949 சட்டங்களால் குடியுரிமையும் வாக்கும் இழந்த மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் சனத்தொகைக் கணக்கில் மட்டும் எண்ணப்பட்டார்கள். அவர்களின் தலைக்கணக்கில் கிடைத்த ஆசனங்களுக்கு அயற்கிராமத்தவர் வாக்களித்தார்கள். இந்த அநியாயத்தைத் தேர்தல் முறையின் ஒரு குறை என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

கூடுதல் வாக்குப் பெற்ற கட்சி தோற்றது 1960 ஜூலையில். அந்த ஆண்டு மார்ச்சில் நடந்த தேர்தலில் 50 ஆசனங்களோடு முதலிடம் வந்த டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் ஒரு மாதத்திலேயே சிம்மாசனப் பிரசங்க வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. ஜூலையில் ஐக்கிய தேசியக் கட்சி 37 சதவீதத்துக்கும் மேல் வாக்குப் பெற்று 30 ஆசனங்களோடு நின்றது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 33 சதவீதத்தை ஒட்டிய வாக்கில் 75 ஆசனங்களை எடுத்தது. இதைக் களவு என்று சொல்வது சரியல்ல. சுதந்திரக் கட்சி இடதுசாரிகளோடு போட்டித் தவிர்ப்பு உடன்பாடு செய்து குறைந்த தொகுதிகளிலேயே நின்றது. மற்ற இடங்களில் அதன் ஆதரவாளர்கள் தோழமைக் கட்சிகளுக்கு வாக்களித்தார்கள். கட்சிவாரியாகக் கூட்டினால் ஐக்கிய தேசியக் கட்சி முன்னால் நிற்கும், அணிவாரியாகக் கூட்டினால் நிற்காது. இத்தேர்தலால் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க எந்தத் தொகுதியிலும் போட்டியிடவில்லை. செனட் சபை வழியாக வந்தார். 1970இலும் கதை இதுவே: ஐக்கிய தேசியக் கட்சி தனிக் கட்சிகளுள் கூடுதல் வாக்குப் பெற்றது, 17 ஆசனங்களோடு எதிர்க்கட்சியில் அமர்ந்தது. பிரித்தானியாவில் 1951இல் தொழிற்கட்சிக்கு நேர்ந்ததும் இத்தகையதே.

1977இல் ஊசல் மறுபக்கம் போனது. ஏறத்தாழ 51 சதவீத வாக்குக்கு ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனங்கள் பெற்றது. 30 சதவீதத்தை நெருங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8. ஏழு சதவீதத்தைக்கூடத் தொடாத தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. வாக்குகள் வடக்கிலும் கிழக்கிலும் திரண்டிருந்ததே காரணம். கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அத்தேர்தலில் பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதி. முஸ்லிம்களும் தமிழர்களும் கலந்து வாழும் இடத்தில் ஒரு தரப்பு முற்றாகத் தோற்காமலிருக்கச் செய்த ஏற்பாடு இது. வாக்காளருக்கு இரண்டு வாக்குகள்; இரண்டையும் ஒருவருக்கே போடலாம். ஐக்கிய தேசியக் கட்சியின் எம். ஏ. எம். ஜலால்தீனும் கூட்டணியின் எம். கனகரத்தினமும் தெரிவானார்கள். கனகரத்தினம் சில மாதங்களில் ஆளுங்கட்சிக்குத் தாவினார். தாவலைத் தடுக்கும் தேர்தல் முறை எதுவும் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

1978 யாப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. ஆனால் 1982 சர்வசன வாக்கெடுப்பில் 54.7 சதவீத ஆதரவு பெற்று, 1977இன் ஆறில் ஐந்து பெரும்பான்மை அப்படியே நீடிக்கப்பட்டது. எனவே புதிய முறையில் முதல் பாராளுமன்றத் தேர்தல் 1989இல்தான் வந்தது. யாப்பில் இருந்த வெட்டுப்புள்ளி, அதாவது ஆசனக் கணக்கில் சேரத் தேவையான குறைந்தபட்ச வாக்கு, மாவட்டத்துக்கு 12.5 சதவீதம். சிறு கட்சிகளுக்கு அது ஏற முடியாத மதில். 1988 டிசம்பர் 17இல், ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் இருக்கையில், 15ஆவது திருத்தம் அதை 5 சதவீதமாக்கியது. ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் எம். எச். எம். அஷ்ரப், வேட்பாளராக நின்ற ரணசிங்க பிரேமதாசவோடு பேசிப் பெற்றது அது என்பதை இக்கரையோரத்தில் அறியாதவர் இல்லை. அதே ஆண்டு 14ஆவது திருத்தத்தால் 29 தேசியப்பட்டியல் ஆசனங்களும் சேர்ந்து மொத்தம் 225 ஆனது.

அதன் பலன் 1994இல் தெரிந்தது. சந்திரிகா குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களில் நின்றது. தேவை 113. நாடளாவிய வாக்கில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகப் பெற்றிருந்த முஸ்லிம் காங்கிரஸின் 7 ஆசனங்களும், நுவரெலியாவில் சுயேச்சையாக வென்ற பெ. சந்திரசேகரனின் ஓர் ஆசனமும் சேர்ந்து அந்த எண்ணைச் சரியாக நிரப்பின. பதினேழு ஆண்டு கால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிந்தது, அஷ்ரப் அமைச்சரானார்.

மாவட்டத்துக்குள் கணக்கு எப்படி நடக்கிறது என்பதற்கு 2020 ஆகஸ்ட் திகாமடுல்ல (அம்பாறை மாவட்டம்) முடிவு நல்ல பாடம். ஏழு ஆசனங்கள். முதலிடம் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் முதலில் போகும். 5 சதவீதம் எட்டாதவர்களின் வாக்கைக் கழித்து, மிச்சத்தை ஆறால் பிரிக்க வேண்டும். அவ்வாண்டு ஓர் ஆசனத்தின் விலை ஏறத்தாழ 61,000 வாக்கு. மொட்டு (பொதுஜன பெரமுன) 126,000: போனஸோடு மூன்று. டெலிபோன் (ஐக்கிய மக்கள் சக்தி) 102,000: ஒரு முழு ஆசனம், மீதி சுமார் 41,000. இன்னும் மூன்று ஆசனங்கள் பெரிய மீதிகளுக்கு உரியவை. மயில் (மக்கள் காங்கிரஸ்) 43,000, டெலிபோனின் மீதி 41,000, குதிரை (தேசிய காங்கிரஸ்) 39,000 என்று அவை போயின. குதிரையின் ஆசனத்தில் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஏ. எல். எம். அதாவுல்லா பாராளுமன்றம் சென்றார்.

வெளியே நின்றவர்கள் இருவர்: விநாயகமூர்த்தி முரளிதரனின் கப்பல், 29,000, தமிழரசுக் கட்சியின் வீடு, 25,000. இரண்டும் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவை, இரண்டுக்கும் ஆசனம் இல்லை. ஒரே பட்டியலில் வந்திருந்தால் 54,000. மீதிகளில் அதுவே முதலாவது. அப்போது விழுந்திருப்பது குதிரைதான். அதாவது, அக்கரைப்பற்றின் ஆசனத்தைத் தீர்மானித்ததில் ஆலையடிவேம்பிலும் திருக்கோவிலிலும் பிரிந்த தமிழ் வாக்குக்கும் பங்குண்டு. தமிழரசுக் கட்சி தன் தேசியப்பட்டியல் ஆசனத்தை அம்பாறையின் தவராசா கலையரசனுக்குக் கொடுத்து அந்த வெற்றிடத்தை நிரப்பியது.

விகிதாசார முறையில் வீணாகும் வாக்கே இல்லை என்ற பேச்சை இந்த முடிவுக்குப் பிறகு அம்பாறையில் யாரும் நம்பப் போவதில்லை. அதற்காகப் பழைய தொகுதி முறைக்குத் திரும்பலாம் என்போர் 1977இன் எண்களை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும்.

2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி நாடளாவிய ரீதியில் 61.6 சதவீத வாக்குக்கு 159 ஆசனங்கள் பெற்றது. விகிதாசார முறையில் ஒரு கட்சி தனியே மூன்றில் இரண்டைத் தாண்டியது அதுவே முதல் தடவை. திகாமடுல்லவில் அது பாதி வாக்கைத் தொடாமலே ஏழில் நான்கை எடுத்தது. மீதி மூன்றும் முஸ்லிம் காங்கிரஸ், மக்கள் காங்கிரஸ், தமிழரசுக் கட்சி ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாகப் போயின. வீட்டுச் சின்னத்தில் கவீந்திரன் கோடீஸ்வரன் தெரிவானார். அதாவுல்லா தெரிவாகவில்லை.