வீடும் துறையும்: களுதாவளைச் சூழலில் உதவித் திட்டங்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை எழுவான்கரை என்றும், வாவிக்கு மேற்கே விரிந்துள்ள வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும் வழங்குவது இப்பிரதேச மக்களின் நெடுங்கால மரபு. களுதாவளை எழுவான்கரையின் பழைய ஊர்களுள் ஒன்று. சுயம்புலிங்கப் பிள்ளையார் கோயிலாலும், வெற்றிலை, மிளகாய், வெங்காயம், கத்தரி முதலிய தோட்டப் பயிர்களாலும் பெயர் பெற்றது. மண்முனை தெற்கு எருவில் பற்றுப் பிரதேச செயலாளர் பிரிவில் அடங்கியது. இவ்வூரும் இதன் அயலூர்களும் கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் சூறாவளியின் பெயராலும், கடற்கோளின் பெயராலும், போரின் பெயராலும் பலவகை உதவிகளைக் கண்டுள்ளன. எத்தனை வீடு, எத்தனை மீற்றர் பாலம் என்ற கணக்குகள் அரச அறிக்கைகளில் உள்ளன. அவ்வுதவி யார் பெயரில் எழுதப்பட்டது, வீட்டைப் பெற்றவர் தம் தொழிலிடத்துக்கு எவ்வழியாற் சென்றார் என்ற வினாக்களே வரலாற்று மாணவன் எழுப்ப வேண்டியவை. இக்கட்டுரை அவ்விரண்டையும் ஒருசேர நோக்க முற்படுகிறது.

வீடு என்பது இங்கு யாருடையது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளல் வேண்டும். மட்டக்களப்புத் தமிழர் சமூகம் தாய்வழிக் குடி முறையினைக் கொண்டது. இங்கு நிலவிய முக்குவர் சட்டத்தைத் தொகுத்து பிறிற்றோ 1876இல் வெளியிட்டார். திருமண உரிமை, மரபுரிமை பற்றிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும் அதே ஆண்டிலேயே வந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. சட்டம் ஏட்டில் ஏறிய ஆண்டிலேயே அதன் ஆட்சி முடிவுற்றது எனலாம். ஆனால் வழக்கம் சட்டத்தோடு மடிந்துவிடவில்லை. தாய்வழி மரபுரிமையாக இருந்தது, மகளுக்குக் கொடுக்கும் சீதனம் என்ற வடிவிலே தொடர்ந்தது. அக்கரைப்பற்றைக் களமாகக் கொண்டு மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே நிகழ்த்திய ஆய்வுகள் இம்மாற்றத்தை விரிவாகக் காட்டுகின்றன. மூத்த மகளுக்குத் திருமணமாகும்போது பெற்றோரின் வீடு அவளுக்குரியதாகிறது. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து சேர்கிறான். பெற்றோர் இளைய பெண்மக்களுடன் அதே வளவிலோ அயல் வளவிலோ கட்டிய வேறொரு வீட்டுக்கு மாறுகின்றனர். அடுத்தவளின் திருமணத்தோடு அதுவும் கைமாறும். ஆகவே ஒரு வளவிற் காணும் வீடுகள் ஒரு தாயின் பெண்மக்களுடைய வீடுகள். ஆண் அங்கு வாழ்பவனேயன்றி உடையவன் அல்லன்.

சீதன முறையைப் புகழ்வது இங்கு நோக்கமன்று. பெண்ணைப் பெற்ற ஏழைக் குடும்பத்தின் ஆயுள் உழைப்பு முழுவதையும் கல்லிலும் சீமெந்திலும் உறிஞ்சிக்கொள்ளும் கொடுமை அதில் உண்டு. எனினும், கணவன் கைவிட்டாலும் இறந்தாலும் பெண்ணுக்குக் கூரை எஞ்சும் என்ற பாதுகாப்பும் அதனுள்ளேயே அடங்கியிருந்தது. போர் ஆயிரக்கணக்கான பெண்களைக் கைம்பெண்களாக்கிய ஒரு மாவட்டத்தில் இது சிறிய செய்தியன்று.

வீடு எழுவான்கரையில், வயலோ பெரும்பாலும் படுவான்கரையில். போடிமாரின் வயலைச் செய்த முல்லைக்காரரும் வயற்காரரும் விதைப்புக்கும் அறுவடைக்கும் வாவியைக் கடந்து சென்று வாடியில் தங்கினர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட வாவியைக் கடக்கத் துறைகளே வழி. மண்முனையிலிருந்து கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும், குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும் கலங்கள் ஓடின. வாகனங்களையும் மனிதரையும் ஏற்றிச் செல்லும் அம்மிதவைக் கலத்தையே இப்பகுதியினர் 'பாதை' என்று அழைப்பர். பாதையிலே ஏறிச் செல்லுதல் என்று இவர்கள் கூறும்போது பிற ஊரவர் திகைப்பதுண்டு. களுவாஞ்சிகுடிக்கு அணித்தாயுள்ள பட்டிருப்பில் மட்டும் பாலம் வழியாகப் போரதீவுப் பற்றுக்குச் செல்ல முடிந்தது.

குடியேற்ற ஆட்சி அமைத்த போக்குவரத்து இந்தக் குறுக்குத் தொடர்பைக் கருத்திற் கொள்ளவில்லை. 1924இல் கல்லடியில் மானிங் சீமாட்டியின் பெயரால் அமைந்த பாலமும், 1928இல் மட்டக்களப்பை எட்டிய புகையிரதப் பாதையும் இப்பிரதேசத்தைக் கொழும்போடும் நிருவாக நகரோடும் இணைப்பனவே. புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிட்டது. தெற்கே களுதாவளைக்கோ கல்முனைக்கோ அது வரவேயில்லை. கடற்கரைக்கு இணையாகச் செல்லும் பெருந்தெருவே எழுவான்கரைக்கு எல்லாமாயிற்று. 1958இல் பேருந்துச் சேவை தேசியமயமாக்கப்பட்டபோதும், 1979இல் தனியார் பேருந்துகள் மீண்டும் இடம்பெற்றபோதும் ஓட்டம் அத்தெருவோடுதான். தோட்டக்காரரின் வெற்றிலைக் கட்டும் மிளகாய் மூட்டையும் தெருவை அடைந்தது துவிச்சக்கர வண்டியிலே.

வீட்டையும் வீதியையும் ஒருங்கே திட்டமிடும் ஆற்றல் அரசுக்கு இல்லாமற் போயிற்று என்று சொல்ல முடியாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்திலே குடியேற்றவாசிக்கு வயலும் வீடும் வாய்க்காலும் வீதியும் ஒரே வரைபடத்தில் வகுத்து வழங்கப்பட்டன. புதிய குடியேற்றத்துக்கு இயன்றது பழைய ஊருக்கு இயலாது போனமைக்குப் பொருளாதாரக் காரணங்களை மட்டும் கூறி அமைதி காண இயலாது. குடியேற்றக் காணிகளை ஆண்ட 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்திலே, அனுமதிப்பத்திரம் பெற்றவர் வாரிசை நியமியாது இறந்தால் மகளுக்கு முன் மகனே உரிமை பெறுவான் என்ற ஒழுங்கு மூன்றாம் அட்டவணையில் எழுதப்பட்டிருந்தது என்பதையும் குறித்துக்கொள்வோம். இதன் விளைவு பின்னர் தெரியவரும்.

1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி கிழக்கிலங்கையின் வீடமைப்பு வரலாற்றில் ஒரு பிளவுக் கோடு. நாட்டில் 900க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 250,000 வீடுகள் சேதமுற்றன. தென்னையும் கிடுகும் ஒருங்கே போயின. மண்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட வீடு ஏழையின் கைக்கெட்டிய வீடாக இருந்தமைக்குத் தென்னையே காரணம். அது வீழ்ந்தபின் ஓடும் தகரமும் வாங்க வேண்டிய பொருள்களாயின. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை 1979இல் தோன்றியது. பிரேமதாசா அவர்களின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் 1984இல் ஆரம்பமாயிற்று. அவர் எழுப்பிய கருத்தினடியாகவே 1987ஆம் ஆண்டு உலகளாவிய முறையிலே உறைவிடமற்றோர் ஆண்டாக அனுசரிக்கப்பட்டது. குடியிருப்போரே தம் வீட்டைக் கட்டுதல், அரசு சிறு கடன் வழங்குதல் என்ற அத்திட்டத்தின் அடிப்படை முற்போக்கானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டுகளிலேதான் மட்டக்களப்பில் வீடுகள் எரியத் தொடங்கின. உறைவிடமற்றோர் ஆண்டின் தை மாதத்தில் கொக்கட்டிச்சோலையில் இறால் பண்ணையைச் சூழ நிகழ்ந்த படுகொலையை இப்பிரதேசத்தார் மறந்திலர். வாவி போர் எல்லையாயிற்று. துறை சோதனைச் சாவடியாயிற்று. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வயல் ஓர் ஆட்சியிலும் வீடு மற்றோர் ஆட்சியிலும் இருந்த நிலை அது.

2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளுக்குப் பின் வந்த உதவி முன்னைய எதனோடும் ஒப்பிட முடியாத அளவினது. இலங்கையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் வீடுகள் அழிந்தும் சேதமுற்றும் போயின. முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபா நான்கு தவணைகளாகவும், பகுதியாகச் சேதமுற்ற வீட்டுக்கு 100,000 ரூபாவும் மானியமாக வரையறுக்கப்பட்டன. வீட்டின் பரப்பு 500 சதுர அடிக்குக் குறைதலாகாது. (அடுக்களையை வீட்டுக்குள்ளேயே வைத்த அவ்வரைபடங்கள் பற்றிப் பேசப் புகின் கட்டுரை நீளும்.) கடலோரத்தில் வீடு கட்டலாகாத வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் என்றும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்றும் விதிக்கப்பட்டது. அலை கிழக்கில் கூடுதலாக ஏறியது என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். ஆயின் வாவிக்கும் கடலுக்கும் இடையே அகலம் சுருங்கிய எழுவான்கரையில் 200 மீற்றர் என்பது வெறும் அளவு வேறுபாடன்று. அடுத்த தலைமுறைப் பெண்மக்களுக்கு வளவு பிரிக்க எஞ்சியிருந்த நிலமே அதுதான். 2005ஆம் ஆண்டின் இறுதியில் விதி தளர்த்தப்பட்டது. அதற்குள் பல குடும்பங்கள் வேறிடங்களுக்குப் பதியப்பட்டுவிட்டன.

வலயத்துக்கு வெளியே காணியுடையவர் பணமாக மானியம் பெற்றுத் தாமே கட்டினர். வலயத்துக்குள் இருந்தவருக்கு அரசு காணி ஒதுக்கியது. தொண்டு நிறுவனங்கள் வீடு கட்டிக் கொடுத்தன. இரண்டாம் வகையினரே கூடுதலாகப் பெற்றனர் என்று முதலிற் கருதப்பட்டது. ஆனால் கடற்றொழிலாளி கடலிலிருந்து அகற்றப்பட்டான். தோணியையும் வலையையும் காப்பதற்கு மீண்டும் கரையிலே வாடி கட்டினான். நன்கொடையாளரின் கணக்கில் அவனுக்கு வீடு கிடைத்துவிட்டது; அவ்வீட்டிலிருந்து தொழிலுக்குப் போய்வரும் செலவு எந்தக் கணக்கிலும் இல்லை. கிணற்றின் நிலையும் இத்தகையதே. இம்மணல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதப்பது. கடற்கோளுக்குப் பின் கிணறுகளை மீண்டும் மீண்டும் இறைப்பதால் அதிகப் பயனில்லை என்றும், மழையே உப்பைக் கழுவும் என்றும் மட்டக்களப்புக் கரையோரத்தை ஆராய்ந்தோர் எடுத்துரைத்தனர். நெருக்கமாக வீடுகளை அமைத்து அருகருகே மலக்குழிகளையும் கிணறுகளையும் தோண்டுவது இத்தகைய நிலத்துக்கு ஏற்றதன்று என்பதைத் தோட்டக்காரர் எவரும் சொல்லியிருப்பர்.

எனினும் மிக ஆழமான மாற்றம் நிகழ்ந்தது காகிதத்திலேதான். அழிந்துபோன வீடு மனைவியுடையது. புதிய வீடும் அரச காணியும் குடும்பத் தலைவரின் பெயரில் எழுதப்பட்டன. குடும்பத் தலைவர் என்ற சொல்லுக்கு அதிகாரிகள் கொண்ட பொருள் கணவன் என்பதே. அரச காணியை இருவர் பெயரிற் கூட்டாக வழங்கச் சட்டத்தில் இடமில்லை என்ற விளக்கமும் கூறப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற உடைமை, எவரும் போராடிக் கைப்பற்றாமலே, ஒரு படிவத்தின் ஒரு கட்டத்தை நிரப்பியதால் ஆணின் கைக்கு மாறியது. கிழக்கின் பெண்கள் அமைப்புகள் இதை அன்றே கண்டித்துக் கூட்டு உடைமையைக் கோரின. ஓர் அழிந்த வீட்டுக்கு ஒரு வீடு என்ற விதியும் இவ்வாறானதே. ஒரு கூரையின்கீழ் தாயும் மணமான மகளும் வாழ்ந்தனரெனின் பதிவேட்டில் அது ஒரு வீடு. வளவின் வழக்கிலோ இரு குடும்பம். இழந்த சீதன வீடுகளை நன்கொடையால் ஈடுசெய்துகொள்ள மக்கள் கண்ட கனவு பற்றி மக்கில்வ்றேயும் பற்றீசியா லோறன்சும் 2010இல் எழுதினர். அக்கனவைப் பேராசை என்று கருதிய உதவிப் பணியாளர் பலர். வழக்கத்தை அறிந்தவர் அவ்வாறு கருதியிரார்.

உதவியைப் பங்கிடுவதில் அரசியலும் குறுக்கிட்டது. 2005 ஜூன் 24இல் கைச்சாத்தான பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையின் முக்கிய பகுதிகளை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே இடைநிறுத்தியது. போரினால் வீடிழந்தோருக்கு உலக வங்கியின் உதவியுடன் நடைபெற்ற வடக்குக் கிழக்கு வீடமைப்புத் திட்டம் முதலில் 250,000 ரூபாவும் பின்னர் 325,000 ரூபாவும் வழங்கியது. இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம் 2012 முதல் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபா அளித்தது. இரண்டும் வீட்டுக்காரரே கட்டும் முறையின. அதற்கு மாறாக, 2015ஐ அடுத்து முன்மொழியப்பட்ட 65,000 உருக்குப் பொருத்து வீட்டுத் திட்டம் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா மதிப்பிட்டது. அதில் அரைப்பங்குச் செலவில் கல்வீடு கட்டலாம் என்று பொறியியலாளரும் பொருளியலாளரும் எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. மேசனுக்கும் தச்சனுக்கும் கல்லறுப்பவனுக்கும் கிடைத்திருக்க வேண்டிய கூலி அயல்நாட்டு ஆலைக்குச் செல்லாது தடுக்கப்பட்டமை சிறு வெற்றியே.

போக்குவரத்தில் நிகழ்ந்த பெரிய நன்மை மண்முனைப் பாலம். யப்பானிய அரசின் நன்கொடையில் அமைந்த அது 2014 ஏப்பிரலில் திறக்கப்பட்டது. கடனன்றி நன்கொடையாக வந்தமையும், பெருந்தெருவுக்கு அன்றிக் குறுக்குத் தொடர்புக்குச் செலவிடப்பட்டமையும் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கன. 1991 ஜூனில் அத்துறையை அண்டி நிகழ்ந்த கண்ணிவெடியையும் அதனைத் தொடர்ந்த ஊர்ப் படுகொலையையும் அறிந்தவருக்கு அப்பாலத்தின் பொருள் வேறு. ஆயினும் பாலம் ஒன்று வந்தபின் ஏனைய துறைகளின் தேவை மறைந்துவிடவில்லை. குருமண்வெளியிலும் அம்பிளாந்துறையிலும் பாதை ஓடிக்கொண்டே இருந்தது. துறைகளைப் பழைய காலத்தின் எச்சமாகக் கருதி அவற்றின் பாதுகாப்பைப் புறக்கணிப்பதன் விளைவைத் திருகோணமலை மாவட்டம் கண்டது. 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், மாற்று வழியாக ஓடிய மிதவைக் கலம் கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்பட அறுவர் அன்றே உயிரிழந்தனர். பாலத்துக்குப் பணம் ஒதுக்கியவர்கள், அது முடியும்வரை பிள்ளைகள் எவ்வாறு பள்ளிக்குச் செல்வர் என்பதற்குத் தக்க ஏற்பாடு செய்யவில்லை.

காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் மகனுக்கு அளிக்கப்பட்ட முன்னுரிமையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் அகற்றியது. எண்பத்தேழு ஆண்டுகள் தாழ்ந்து வந்த நீதி அது. எனினும் அது வாரிசுரிமையைத் திருத்தியதேயன்றி, கடற்கோளுக்குப் பின் தந்தையர் பெயரில் எழுதப்பட்ட பத்திரங்களைத் தாயர் பெயருக்கு மாற்றவில்லை. அப்புதிய வீடுகளிற் பிறந்த பெண்பிள்ளைகள் இப்போது மணவயதை எய்துகின்றனர். வழக்கப்படி வீடு அவர்களுக்குரியது. அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் இசைவின்றி எழுதிக் கொடுக்கச் சட்டம் இடந்தராது. எழுதிக் கொடுக்க வேண்டியவரும் தாயல்லர், தந்தை.